மஞ்சள் பிரதி

வேலையிடத்தில் அவருக்குப் பெயர் 'கார்டு'. அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது. பதினெட்டு வருடமாக லிப்ட் மெக்கானிக். ஊரில் உள்ளவர்களையெல்லாம் மேலே ஏற்றி இறக்குவதற்காக உழைத்த மனிதர் குடியிருந்தது லிப்ட் இல்லாத கட்டடத்தின் நான்காவது மாடியில். யாராவது கேட்டால், "வீட்டுக்கு வந்தும் அது முகத்துல முழிக்கணுமா?" என்பார்.

அந்தப் பெயர் வந்த கதை சின்னது. மாதம் ஒரு முறை லிப்டைச் சோதிக்கப் போகும்போது மெக்கானிக் ஒரு கார்டு எழுத வேண்டும். வந்த நேரம், போன நேரம், பழுது, சரிசெய்தது, உபயோகிப்பவர் புகார், இரண்டு தரப்புக் கையெழுத்து. நடுவில் கார்பன் வைத்து எழுதி, வெள்ளைப் பிரதியைக் கம்பெனிக்கும் மஞ்சள் பிரதியைக் கட்டடக்காரருக்கும் கொடுக்க வேண்டும். மற்ற மெக்கானிக்குகள் டீ வருவதற்குள் 'பழுது இல்லை' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். இவரால் அது முடியாது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், பதினான்கு மாதம் வரிசையாக 'பழுது இல்லை' என்று எழுதப்பட்ட ஒரு லிப்டின் மெஷின் ரூமைத் திறந்தார். கம்பிக்கயிற்றில் பாதி இழைகள் அறுந்து தொங்கின. அன்று கீழே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தவர் அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து அவருக்கு ஒரே கொள்கைதான். பழுது இல்லை என்று ஒரு கார்டு சொன்னால், யாரும் கதவைத் திறந்து பார்க்கவில்லை என்று அர்த்தம்.

அதனால் அவர் எழுதும் கார்டுகளைப் பார்த்தாலே கட்டடக்காரர்கள் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். 'மூன்றாம் மாடிக் கதவு மூடும்போது முனகுகிறது. சரிசெய்தது: எண்ணெய். இன்னும் லேசாக முனகுகிறது' என்றெல்லாம் எழுதுவார். தன் கையை மீறிய விஷயமாக இருந்தால், அதாவது மின்சாரம் ஏறி இறங்குகிறது, சுவரில் ஈரம் கசிகிறது என்று இருந்தால், சரிசெய்தது என்ற கட்டத்தில் 'மேலிடத்துக்குத் தெரிவிக்கப்பட்டது' என்று எழுதுவார். அடுத்த மாதமும் கசிந்தால் அடுத்த மாதமும் அதையே எழுதுவார். அவருக்கு அறவே பிடிக்காத வார்த்தை ஒன்று உண்டு. 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று எந்த மெக்கானிக்காவது சொன்னால், நின்ற இடத்திலேயே அவனோடு பேச்சை முறித்துக்கொள்வார்.

இப்படிப்பட்ட மனிதர் வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் 'பழுது இல்லை' என்று சொன்னார். அதுவும் பெண்டாட்டியிடம்.

அவள் கண்ணாடிக் கடையில் கண் சோதிப்பவள். 'இது தெளிவா இருக்கா, இல்ல இது தெளிவா இருக்கா' என்று நாளெல்லாம் கேட்டுக் கேட்டு, வீட்டிலும் மனிதர்களை அப்படித்தான் பார்ப்பாள். அவர்களுக்கு ஒரே மகள். தவழ ஆரம்பித்தபோது நேராகப் போகாமல் பக்கவாட்டில் போனதால் நண்டு. நண்டுக்கு நாலு வயதாக இருந்தபோது, ஒரு விடுமுறை நாளில், அவர் பொறுப்பில் குழந்தையை விட்டுவிட்டு அவள் கடைக்குப் போயிருந்தாள். போன் வந்தது. எங்கோ ஒரு லிப்டில் ஐந்து பேர் மாட்டிக்கொண்டார்கள். இவர் குழந்தையையும் தூக்கிக்கொண்டு ஓடி, அந்தக் கட்டடத்தின் வாட்ச்மேனிடம் உட்கார வைத்துவிட்டு மெஷின் ரூமுக்கு ஏறினார். ஐந்து பேரையும் பத்திரமாக இறக்கினார். கீழே வந்து பார்க்க இரண்டு மணி நேரமாயிற்று. வாட்ச்மேன் டியூட்டி முடிந்து போய், வேறு ஆள் வந்திருந்தார். புதிய வாட்ச்மேனுக்கு அது யார் குழந்தை என்றே தெரியவில்லை. நண்டு முகமெல்லாம் வீங்க அழுது ஓய்ந்து, ஒரு நாற்காலிக்கு அடியில் உட்கார்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள். இவர் சொன்னார்: "ஒண்ணும் ஆகலையே."

"ஒண்ணும் ஆகலைங்கறது உங்க சாமர்த்தியம் இல்லைங்க" என்றாள் அவள். அதற்குப் பிறகு மூன்றரை வருடம் இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். நண்டுக்கு ஏழரை வயதில் அவள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அண்ணனைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். கற்றுக்கொடுக்கும் காரில் மாஸ்டர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும் அல்லவா, இருபது வருடமாக அதன் மேல் கால் வைத்து வாழ்ந்தவர். சோபாவில் உட்கார்ந்து பேசினாலும், யாராவது வாக்கியத்தை வேகமாக முடித்தால் அவருடைய வலது கால் தரையை அழுத்தும். தங்கையின் வாழ்க்கையில் தன் பக்கம் பிரேக் இல்லாமல் போனதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று அவர் நம்பினார். வக்கீல் பிடித்தது, மனுப் போட்டது எல்லாம் அவர்தான். அத்தனையும் செய்துகொண்டு, நீதிமன்ற வராந்தாவில் இவரைப் பார்த்தால் மட்டும், "வாங்க மாப்பிள்ளை, டீ சாப்டீங்களா?" என்று வாய் நிறையக் கேட்பார்.

குடும்ப நீதிமன்றம் ஒரு இடைக்கால உத்தரவு போட்டது. சனிக்கிழமைதோறும் காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரை குழந்தை தகப்பனோடு இருக்கலாம். பொது நூலக வாசலில் ஒப்படைக்க வேண்டும், அங்கேயே திரும்ப ஒப்படைக்க வேண்டும். ஒருவரைப் பற்றி ஒருவர் குழந்தையிடம் குறை சொல்லக் கூடாது. வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது. இரவு தங்குவது பற்றி மூன்று மாதம் கழித்து, இது எப்படி நடக்கிறது என்று பார்த்து முடிவு செய்யப்படும்.

இரவு தங்க வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. நண்டு தூங்குவதைப் பார்த்து ஏழு மாதம் ஆகியிருந்தது. தூங்கும்போதும் அது பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே போகும், காலையில் தலை இருந்த இடத்தில் கால் இருக்கும். அதற்காகவே ஒரு கட்டில் வாங்கி, மூன்று பக்கமும் தடுப்புப் பலகை அடித்து வைத்திருந்தார். அந்தக் கட்டில் இன்னும் காலியாகத்தான் நின்றது.

"இடைக்காலம்னா எத்தனை காலம், மேடம்?" என்று தன் வக்கீல் அம்மாவைக் கேட்டார்.

"வழக்கு முடியற வரைக்கும்."

"வழக்கு எப்ப முடியும்?"

வக்கீல் அம்மா கோப்புக்கு நாடா கட்டிக்கொண்டே, "இடைக்காலம் முடிஞ்சதும்" என்றார். "நான் சொல்றதை மட்டும் செய்ங்க. நேரத்துக்குக் கூட்டிட்டு வாங்க, நேரத்துக்கு விடுங்க. எதிர்த்தரப்பு கைக்குப் போற மாதிரி எதையும் எழுதிக் கொடுத்துடாதீங்க. போன்ல மெசேஜ்கூட வேணாம். புரியுதா?"

புரிந்தது என்று தலையாட்டினார். கார்டு எழுதுவதெல்லாம் எழுதிக் கொடுப்பதில் சேரும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மூச்சு விடுவதைப் பற்றி வக்கீல் ஒன்றும் சொல்லவில்லையே, அது மாதிரி.

உத்தரவின் நகல் ஒன்றை வீட்டுக் கதவின் உட்புறம் கண்ணுக்கு நேராக ஒட்டினார். லிப்டுக்குள் 'ஆறு பேருக்கு மேல் ஏறக் கூடாது' என்று ஒட்டுவார்களே, அந்த உயரத்தில். பிறகு அலமாரியிலிருந்து ஒரு கார்டு புத்தகத்தை எடுத்தார். கம்பெனியில் கொஞ்ச நாளாக எல்லாம் செல்போனில் பதிவாவதால், பழைய புத்தகங்கள் மூலையில் கிடந்தன. ஒரு நல்ல காரியத்துக்கு ஆகும் என்று ஆறு புத்தகத்தைக் கேட்டு வாங்கி வைத்திருந்தார். இதைவிட நல்ல காரியம் என்ன இருக்கிறது?

முதல் சனிக்கிழமை மாலை நாலு ஐம்பத்தைந்துக்கு நூலக வாசலில் நண்டின் அம்மாவிடம் குழந்தையை ஒப்படைத்துவிட்டு, கார்டையும் பேனாவையும் நீட்டினார்.

"என்னங்க இது?"

"கையெழுத்துப் போடு. மஞ்சள் உனக்கு."

அவள் படித்தாள். 'பழுது: பின்னல் போட்டதில் வலது, இடதைவிட இரண்டு விரல் கீழே. சரிசெய்தது: இடதையும் கீழே இறக்கினேன். இப்போது இரண்டுமே சரியில்லை.' கார்டிலிருந்து நிமிர்ந்து நண்டின் தலையைப் பார்த்தாள். எழுதியிருந்தது உண்மைதான். கையெழுத்துப் போட்டு, மஞ்சளைக் கிழித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். காரில் உட்கார்ந்திருந்த அண்ணன் ஹார்ன் அடித்தார்.

அடுத்தடுத்த வாரங்களில் கார்டுகள் கூடின. 'முட்டியில் சிராய்ப்பு, மூன்று சென்டிமீட்டர். காரணம்: ஊஞ்சலில் இருந்த குழந்தையைப் பார்க்காமல் ஊஞ்சல் சங்கிலியின் நட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரிசெய்தது: மருந்து போட்டேன். நட்டையும் முடுக்கினேன்.' இன்னொரு வாரம், 'முட்டை கருகியது. சரிசெய்தது: வேறு முட்டை. அதுவும்.' ஒரு வாரம், 'பல் ஒன்று விழுந்தது, மேல் வரிசை, இடது. என் கைவேலை அல்ல. ஸ்குரூ உறையில் போட்டுத் தாயிடம் ஒப்படைக்கப்பட்டது.' ஐந்தாவது வாரம் கட்டத்தை மீறிச் சிறிய எழுத்தில் எழுதியிருந்தார்: 'நீயும் அம்மாவும் ஏன் ஒரே வீட்டில் இல்லை என்று குழந்தை கேட்டது. உத்தரவின் நான்காம் பத்தியைப் பார்த்தேன். அதில் பதில் இல்லை. சரிசெய்தது: எனக்குச் சொல்லத் தெரியவில்லை என்று சொன்னேன்.'

நண்டுக்கு இந்த விளையாட்டு ரொம்பப் பிடித்துப்போயிற்று. உபயோகிப்பவர் புகார் என்ற கட்டம் யாருக்கு என்று இரண்டாம் வாரமே கேட்டது.

"லிப்ட்ல ஏறி இறங்கறவங்களுக்கு."

"இங்க யாருப்பா ஏறி இறங்கறது?"

நாலு மாடி ஏறி மூச்சு வாங்கி நிற்கிற குழந்தைக்கு வேறு என்ன பதில் சொல்வது? பென்சிலைக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அந்தக் கட்டம் அதற்குத்தான். 'ஊஞ்சல் ஸ்பீடு பத்தல.' 'அப்பா கதை சொல்றப்ப பாதியில தூங்கிட்டார்.' 'மாடிப்படி ஜாஸ்தி.' பென்சிலைக் காகிதத்தில் படுவதும் படாததுமாகப் பிடித்து எழுதும் பழக்கம் அதற்கு. வெள்ளையிலேயே மங்கல். கார்பனைத் தாண்டி மஞ்சளில் விழும்போது எறும்பு ஊர்ந்த தடம்தான் மிஞ்சும்.

ஆறாவது வாரம் நாலரை மணிக்கு நண்டு ஷூவை மாட்டிக்கொண்டு கதவருகே உட்கார்ந்து புகார் எழுதியது. 'மணி அஞ்சு ஆகுது.'

அவர் அதை வாங்கிப் படித்தார். மறுபடி படித்தார். இது எண்ணெய் விட்டுச் சரியாகிற சமாச்சாரம் இல்லை. பதினெட்டு வருடப் பழக்கம் கையைப் பிடித்து எழுத வைத்தது: 'மேலிடத்துக்குத் தெரிவிக்கப்பட்டது.'

அடுத்த வாரமும் அதே புகார், அதே பதில். அதற்கடுத்த வாரமும். ஈரம் கசியும் சுவரைப் போல.

மூன்று மாதம் முடிந்து, பதின்மூன்று சனிக்கிழமைகள் கழிந்து, வாய்தா நாள் வந்தது. நீதிமன்றத்தின் அந்த அறை ஒரு பள்ளிக்கூட வகுப்பறை அளவுதான். மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு முறை 'டக்' என்றது. பேரிங் தேய்ந்துவிட்டது என்று அவர் மனது குறித்துக்கொண்டது. நீதிபதி நடுத்தர வயது அம்மாள். காகிதத்தைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படித்தார். எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த நண்டின் அம்மாவின் பார்வை நீதிபதியின் கண்ணாடியிலேயே இருந்தது. அவளுக்கும் தொழில் புத்தி போகாது.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். அவர் கையில் ஒரு கட்டு ஜெராக்ஸ் காகிதம். "தகப்பனார் குழந்தையை எவ்வளவு லட்சணமா பார்த்துக்கிறார்ங்கறதுக்கு, தகப்பனாரோட கைப்பட எழுதின பதின்மூணு சாட்சிகளை இந்த நீதிமன்றத்தின் பார்வைக்கு வைக்கிறேன்."

நண்டின் அம்மா சட்டென்று அண்ணன் பக்கம் திரும்பினாள். "என் பையிலேருந்து எடுத்தியா?" என்று அவள் பல்லைக் கடித்துக் கேட்டது இந்த வரிசைக்கும் கேட்டது. மாஸ்டர் கூரையைப் பார்த்தார்.

இவருடைய வக்கீல் அம்மா மெதுவாகத் திரும்பினார். "என்ன சாட்சி?"

"சர்வீஸ் கார்டு, மேடம். சனிக்கிழமை சனிக்கிழமை."

"எழுதி?"

"எழுதி."

"கையெழுத்துப் போட்டு?"

"ரெண்டு தரப்பும்."

வக்கீல் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்டவங்களைப் பார்த்திருக்கேன். கார்பன் வச்சு, காப்பி எடுத்து, எதிராளிகிட்ட கையெழுத்தும் வாங்கி வச்சுக்கிட்டவரை இப்பத்தான் பார்க்கிறேன். இனிமே நான் சொல்ற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க."

எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கொண்டாட்டம். ஒவ்வொரு கார்டாக எடுத்து, பழுது என்ற கட்டத்தை மட்டும் ராகம் போட்டு வாசித்தார். சிராய்ப்பு. கருகிய முட்டை. விழுந்த பல். பல் வாசிக்கப்பட்டபோது நீதிபதி இருமினார், அல்லது இருமுவது போல வாயை மூடிக்கொண்டார். ஐந்தாவது வாரக் கார்டை வக்கீல் தனியாகத் தூக்கிக் காட்டினார். "தாயும் தகப்பனும் ஏன் பிரிஞ்சாங்கன்னு குழந்தை கேட்கிற அளவுக்கு வழக்கைப் பற்றிப் பேச்சு நடந்திருக்கு!"

மெக்கானிக்கின் வாய் திறந்தது. வக்கீல் அம்மாவின் முழங்கை விலாவில் இறங்கியது. வாய் மூடிக்கொண்டது.

"கடைசியா இது" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல், குரலைத் தாழ்த்தி. "பத்தாவது வாரம். வாசிக்கிறேன். 'நாற்பது நிமிடம் குழந்தை சொன்னது எதுவும் காதில் விழவில்லை.' நாற்பது நிமிஷம்! தாயாருடைய பயமே இதுதான். முன்னாடி ஒரு தடவை குழந்தையை முன்பின் தெரியாத ஆள்கிட்ட விட்டுட்டுப் போனவர் இவர். இப்படிப்பட்டவர்கிட்ட ராத்திரி எப்படி அனுப்பறது?"

அறையில் மின்விசிறி மட்டும் 'டக்' என்றது. காலிக் கட்டில் மெக்கானிக்கின் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. பழுதைப் பழுது என்று எழுதியது தப்பா? எழுதாமல் இருந்த அந்த ஒரு நாளும் தப்பாகத்தானே போயிற்று? இந்த உலகத்தில் ஒரு மனிதன் எந்தப் பக்கம்தான் ஏறுவது, எந்தப் பக்கம் இறங்குவது என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

நீதிபதி கையை நீட்டிக் கட்டை வாங்கிக்கொண்டார். ஒரு கார்டைத் தள்ளிப் பிடித்தார், இன்னும் தள்ளிப் பிடித்தார். "இதுல கீழே ஒரு கட்டம் இருக்கு. உபயோகிப்பவர் புகார். அதுல என்னமோ எழுதியிருக்கே, என்ன அது?"

"அது ஒண்ணும் முக்கியமில்லைங்க, ஏதோ குழந்தை கிறுக்கல்..."

"முக்கியமா இல்லையான்னு நான் பார்த்துக்கிறேன். ஜெராக்ஸ்ல ஒண்ணும் தெரியல. ஒரிஜினல் எங்க?"

கேள்வி தன்னைப் பார்த்து வந்ததால், மெக்கானிக் எழுந்து நின்றார். "வெள்ளைப் பிரதி வீட்ல இருக்குங்க, மேடம். வெள்ளை ஆபீஸை விட்டு வெளியே வரக் கூடாது. அது ரூல்."

"எந்த ஆபீஸ்?"

"வீடுதாங்க."

வக்கீல் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். நீதிபதி மறுபடி காகிதத்தோடு மல்லுக்கட்டினார். அப்போது எதிர் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"மணி அஞ்சு ஆகுது."

நண்டின் அம்மா எழுந்து நின்றிருந்தாள். அண்ணனின் வலது கால் தரையை ஓங்கி அழுத்தியது. வண்டி நிற்கவில்லை.

"அதுதாங்க எழுதியிருக்கு, மேடம். ஆறாவது வாரத்துலேருந்து எட்டு வாரமா அதே புகார்தான். அதுக்கு முன்னாடி ஊஞ்சல் ஸ்பீடு பத்தல, அப்பா தூங்கிட்டார், மாடிப்படி ஜாஸ்தி. எனக்கு எல்லாம் மனப்பாடம்."

"நீங்க படிச்சிருக்கீங்களா?"

"ஒவ்வொரு சனிக்கிழமையும் படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். இவங்க இப்ப வாசிச்சாங்களே அந்தப் பத்தாவது வாரம், அதுல மேல் வரியை விட்டுட்டாங்க. அதையும் படிக்கச் சொல்லுங்க."

எதிர்த்தரப்பு வக்கீல் தன் கட்சிக்காரரைப் பார்த்த பார்வையில், சட்டப் படிப்பு முழுவதையும் சபித்தார். நீதிபதி தானே படித்தார், கொஞ்சம் திக்கித் திக்கி. 'இரண்டு பத்துக்குப் போன் வந்தது. நான்கு பேர் லிப்டில் மாட்டியிருக்கிறார்கள். போகவில்லை. வேறு ஆளை அனுப்பச் சொன்னேன். இரண்டு ஐம்பதுக்கு எடுத்துவிட்டதாகத் தகவல். பழுது: போகவில்லையே தவிர, நாற்பது நிமிடம் குழந்தை சொன்னது எதுவும் காதில் விழவில்லை.'

"எனக்கு ராத்திரி அனுப்பறதுல பயம் ஒண்ணே ஒண்ணுதாங்க" என்றாள் நண்டின் அம்மா. "போன் வந்தா எழுந்து ஓடிடுவார்னு. போகலைன்னு மட்டும் எழுதியிருந்தா நான் நம்பியிருக்கவே மாட்டேன். காது கேட்கலைன்னும் எழுதியிருக்கார் பாருங்க. அதனாலதான் நம்பறேன்." பிறகு அடக்க முடியாமல் சொன்னாள்: "உங்களுக்குப் பக்கத்துப் பார்வை பவர் மாறியிருக்குங்க, மேடம். அரையாவது ஏத்தணும்."

அறையே சிரித்தது. மெக்கானிக் மட்டும் சிரிக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பதின்மூன்று வாரம் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனவள், கிறுக்கலைக்கூட விடாமல் படித்திருக்கிறாள்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "எட்டு வாரப் புகாருக்கும் நீங்க ஒரே பதில்தான் எழுதியிருக்கீங்க. மேலிடத்துக்குத் தெரிவிக்கப்பட்டது. எந்த மேலிடம்?"

வக்கீல் அம்மாவின் முழங்கை இந்த முறை அசையவில்லை.

"நீங்கதாங்க, மேடம்."

"எட்டு வாரமா தெரிவிச்சிருக்கீங்க, எனக்கு வந்து சேரவே இல்லையே."

"கையில கொடுக்க வழி தெரியலைங்க. எழுதி மட்டும் வச்சேன்."

நீதிபதி எதிர்த்தரப்பு வக்கீல் பக்கம் திரும்பினார். "இன்னைக்கு நீங்க கொண்டாந்து சேர்த்துட்டீங்க. அதுக்கு உங்களுக்கு நன்றி சொல்லணும்" என்றார். வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

இடைக்கால உத்தரவு அன்றே திருத்தப்பட்டது. சனிக்கிழமை பத்து மணியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி வரை. அந்த நேரத்தில் அவசர அழைப்புகளுக்கு வேறு ஆள் போவார் என்று கம்பெனியிடமிருந்து ஒரு கடிதம் வாங்கித் தர வேண்டும். ஆறு மாதம் கழித்து மறுபடி பரிசீலனை. இதுவும் இடைக்காலம்தான் என்று வக்கீல் அம்மா வெளியே வந்ததும் ஞாபகப்படுத்தினார். "கார்டு எழுதறதை நிறுத்திடாதீங்க" என்று அவரே சொல்லவும் வேண்டியிருந்தது.

வராந்தாவில் நண்டின் அம்மா நின்றிருந்தாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று இவர் பக்கத்தில் போனார். நான்கு வருடத்துக்கு முன் எழுதியிருக்க வேண்டிய ஒரு கார்டு இன்னும் பாக்கி இருந்தது.

"அன்னைக்கு வாட்ச்மேன்கிட்ட விட்டது..." என்று ஆரம்பித்தார். "ஒண்ணும் ஆகலைன்னு சொன்னேன்ல. ஆச்சு. அது தப்பு."

அவள் அவரை உற்றுப் பார்த்தாள், லென்ஸ் மாற்றிப் பார்ப்பது போல. "எழுதிக் கொடுங்க. கையெழுத்துப் போட்டுத் தரேன்" என்றாள். கோபமா கிண்டலா என்று தெரியவில்லை. அண்ணன் காரோடு வந்துவிட்டார். "மாப்பிள்ளை, டீ சாப்டீங்களா?" என்றார் பழக்க தோஷத்தில். பிறகு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் கார்க் கண்ணாடியைத் துடைத்தார்.

அந்தச் சனிக்கிழமை நண்டு ஒரு பையில் மாற்று உடுப்பும் பல் துலக்கும் பிரஷ்ஷும் கொண்டுவந்தது. கட்டிலில் ஏறிக் குதித்துத் தடுப்புப் பலகையைச் சோதித்தது. முட்டை கருகவில்லை. ஊஞ்சலுக்குப் போய் வந்தார்கள்.

நாலரை மணிக்கு, யாரும் சொல்லாமலே, நண்டு ஷூவை மாட்டிக்கொண்டு கதவருகே உட்கார்ந்தது. அவரும் கார்டை எடுத்து, போகும் நேரம் என்ற கட்டத்தில் பேனாவை வைத்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்கப்பா போறோம்?"

"எங்கேயும் போகலியே."

அப்படியிருந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. இரண்டு பேரும் கதவருகே தரையில் உட்கார்ந்து எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரிய முள் பன்னிரண்டைத் தொட்டது. ஒன்றும் நடக்கவில்லை. ஹார்ன் சத்தம் இல்லை. முள் பன்னிரண்டைத் தாண்டிப் போயிற்று.

"அப்பா, அஞ்சு தாண்டிடுச்சு" என்றது நண்டு, ரகசியம் சொல்வது போல.

"ம்."

கார்டை வாங்கிப் பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசித்தது. "புகார் இல்லைன்னு எழுதட்டா?"

"எழுதக் கூடாது. பார்க்கலைன்னு அர்த்தமாயிடும்."

நண்டு மறுபடி யோசித்தது. பிறகு எழுதி நீட்டியது. 'நாளைக்கும் அஞ்சு மணி வரும்.'

அவர் பேனாவை எடுத்தார். மேலிடத்தில் ஒரு தடவை கொடுத்துவிட்டார்கள். அதற்குள் மறுபடி போய் நிற்க முடியாது. கடைசியில், பதினெட்டு வருடத்தில் எந்தக் கார்டிலும் எழுதாத, சொன்னவர்களோடெல்லாம் பேச்சை முறித்துக்கொண்ட வார்த்தையை, சரிசெய்தது என்ற கட்டத்தில் எழுதினார்: 'நாளைக்குப் பார்த்துக்கலாம்.'

எழுதிவிட்டு, குனிந்து, நண்டின் ஷூ நாடாவை அவிழ்த்தார்.